கண்மாய்க் கரையில் ஒரு கைபேசி

அன்புள்ள ஐயா,

வணக்கம். புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். வயது 47. இரண்டரை ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றுவட்டாரக் கண்மாய்களுக்குப் போய், கைபேசியில் படம் எடுத்து யூடியூபில் ஏற்றிவருகிறேன். கரை, தண்ணீர் திறந்துவிடும் மடை, மிகுந்த நீர் வழிந்தோடும் கலிங்கு, அந்தக் காலத்தில் தண்ணீர் பாய்ச்சியவர்களின் பேச்சு, இவைதான் உள்ளடக்கம். இதுவரை 61 காணொளிகள். சந்தாதாரர்கள் 340 பேர். ஒரு காணொளியை 150 பேர் பார்த்தால் அதிகம். மீன்பிடித் திருவிழாவை எடுத்த ஒன்றை மட்டும் இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். "இனி மீனையே எடு" என்கிறார்கள் நண்பர்கள். எங்கள் மாவட்டத்துச் சமையல் சேனல் கோடிப் பேரைத் தொட்டதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். "ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இல்லாமல் யாருக்காக இது?" என்று மனைவி கேட்கிறார்.

எடுக்கும்போதும், இரவில் உட்கார்ந்து வெட்டி ஒட்டும்போதும் எனக்குக் கிடைக்கும் நிறைவு, 22 ஆண்டு அலுவலக வாழ்க்கையில் ஒருநாளும் கிடைத்ததில்லை. ஆனால் ஏற்றிய பிறகு எண்ணிக்கையைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெடுகிறது. யாரும் பார்க்காத ஒன்றில் நிறைவு கொள்வது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா? பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. காணொளிகளில் பத்தையாவது பார்த்துவிட்டுப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முப்பத்து நான்கு பார்த்துவிட்டேன்.

கண்மாய்க்குள் இருந்து வயலுக்கு நீர் திறக்கும் பழைய கல் மதகான குமிழித் தூம்பைப் பற்றியதை இரண்டு முறை பார்த்தேன். கண்மாய் வற்றிக் கிடக்கிறது. உள்வாயில் இரண்டு கல்தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் தொட்டி. பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குகிறார். மேலே உள்ள துளையை உள்ளங்கையால் மூடி "இது நீரோடி" என்கிறார். பிறகு குனிந்து, தரையை ஒட்டிய துளைகளில் விரலை விட்டு மண்ணைத் தோண்டி எடுத்து "இது சேறோடி" என்கிறார். அடைப்புக் கல்லைத் தூக்கினால் மேல் துளை வழியே தண்ணீர் பாயும். அந்த வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் இழுபட்டு வயலுக்குப் போகும். தூர் சேராமல் இருக்கவும், வயலுக்கு உரம் சேரவும் ஒரே கல் வேலை. இதைப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். அந்த விரல் நுனியில் ஒட்டிய மண்ணைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

மேலே ஏறும்போது அவருக்குக் கால் வழுக்குகிறது. நீங்கள் கைபேசியைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறீர்கள். ஏறத்தாழ நாற்பது விநாடி திரையில் வெடித்த களிமண்ணும் ஒரு நத்தை ஓடும் மட்டுமே தெரிகின்றன. "மெதுவா, மெதுவா" என்று உங்கள் குரல். "ஒண்ணுமில்லப்பா" என்று அவர் குரல். அதை நீங்கள் வெட்டவில்லை. வெட்டாமல் விட்டதற்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் இந்தப் பதிலையே தொடங்கினேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிறந்ததிலிருந்து அந்தக் கரை மேல் சைக்கிள் ஓட்டியிருப்பீர்கள். ஆனால் உங்கள் மூன்றாவது காணொளியில் கரையில் இருக்கும் எல்லாவற்றையும் "மடை" என்று ஒரே பெயரில் சொல்லிப் போகிறீர்கள். ஐம்பதாவதில் பள்ளமடை எது, மேட்டுமடை எது, எது திறந்தால் எந்த வயலுக்குப் போகும், கலிங்கில் நட்ட குத்துக்கல் எவ்வளவு உயரம் என்றெல்லாம் பேசுகிறீர்கள். இன்னொருவருக்குக் காட்ட வேண்டும் என்ற பொறுப்பு வந்த பிறகுதான் உங்கள் ஊர் உங்கள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியிருக்கிறது. உங்களுக்குக் கிடைக்கும் நிறைவு அதிலிருந்து வருகிறது. அது உங்களை நீங்களே ஏமாற்றிக்கொள்வதாக இருக்க முடியாது. மூன்றாவதையும் ஐம்பதாவதையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

1998 பொங்கலன்று, பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் இருந்த தமிழர்கள் ஊதியம் இல்லாமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், மெய்ப்புப் பார்த்தார்கள். இன்று ஒரு சங்கப் பாட்டு வேண்டுமென்றால் இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொள்கிறோம். கோப்பின் தலைப்பில் இருக்கும் அந்தத் தட்டச்சாளரின் பெயரை எத்தனை பேர் படிக்கிறோம்? ஆனால் ஒரு நூலை எழுத்தெழுத்தாக அடித்து முடித்தவர், அந்த நூலை நம்மில் பலரைவிட நெருக்கமாக அறிந்தவர். அது அவருக்கு மட்டுமே கிடைத்த கூலி. உங்கள் கூலியும் அதே வகை.

எண்ணிக்கை பொருட்டே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். யாரும் பார்க்க வேண்டாம் என்றால் நோட்டில் எழுதிப் பெட்டியில் வைத்திருப்பீர்கள். பார்க்கப்பட வேண்டும் என்ற ஆசை நியாயமான ஆசை. 150 பேர் என்பது உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பறையை நிறைக்கும் கூட்டம். பாதியில் எழுந்து போனவர்களைக் கழித்தாலும், கண்மாயைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் உட்கார்ந்திருப்பதை நேரில் கண்டால் உங்களுக்குத் தொண்டை அடைக்கும். திரையில் எண்ணாக வரும்போது அது சிறுத்துத் தெரிகிறது. விளம்பரப் பணம் வர 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்று யூடியூப் வைத்திருக்கும் கணக்கு, விளம்பரம் விற்பவர்களின் கணக்கு. அதைக் கொண்டு ஒரு மடையின் மதிப்பை அளக்காதீர்கள். மாதத்தில் ஒருநாள் மட்டும் எண்ணிக்கையைப் பாருங்கள். ஏற்றிய இரவில் கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

உங்கள் மாவட்டத்துச் சமையல் சேனலை நானும் விரும்பிப் பார்ப்பவன். 2018இல் ஒரு தாத்தாவும் பேரன்களும் தொடங்கி, 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் அது. அவர்களும் தங்களுக்குத் தெரிந்ததைத் தங்கள் வயற்காட்டில் நின்று செய்தவர்கள். உங்களுக்குத் தெரிந்தது கண்மாய். மீனை விட வேண்டாம். கண்மாய் வற்றும் பருவத்தில் ஊரே மீன் பிடிக்கும் ஊத்தாக் கூடையோடு இறங்குவது கண்மாயின் வாழ்வில் ஒரு நாள். ஆண்டுக்கு ஒருமுறை அதையும் எடுங்கள். ஆனால் மீதி நாட்களை யாருக்காகவும் விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாக அரசுக் கணக்கு. அவற்றில் எத்தனைக்கு, ஒவ்வொரு மடையின் பெயரையும் அதைத் திறந்து மூடியவரின் வாயாலேயே சொல்லக் கேட்டுப் பதிந்து வைத்திருக்கிறோம்? உங்கள் காணொளிகளில் பேசும் பெரியவர்களில் எழுபதைத் தாண்டாதவர் ஒருவர்கூட இல்லை. இதை எழுதும்போது எனக்குப் பதற்றமாக இருக்கிறது.

மனைவி கேட்டது நல்ல கேள்வி. "யாருக்காக" என்பதற்கு நீங்கள் பதில் சொல்லியாக வேண்டும், எனக்கல்ல, அவருக்கு. அவரை அருகில் உட்கார வைத்துக் குமிழித் தூம்புக் காணொளியைப் போட்டுக் காட்டியிருக்கிறீர்களா? கடிதத்தில் அப்படி ஒரு வரி இல்லை. மாதத்தில் இரண்டு ஞாயிறு வீட்டுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளும்.

எடுத்த மூலக் கோப்புகளைத் தனி வட்டில் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஊர், கண்மாயின் பெயர், தேதி, பேசியவர் பெயர், அவர் சம்மதித்தார் என்ற குறிப்பு எழுதி வையுங்கள். ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்தை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். ஒரு படியை, எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணையச் சேமிப்பகமான விக்கிமீடியா காமன்சிலும் ஏற்றலாம்.

கடைசியாக ஒன்று. குமிழித் தூம்புக் காணொளியில், பெரியவர் கையை ஊன்றி ஏறும் இடத்தில், இடப்பக்கத் தூணின் உட்புறம் ஏதோ வரிவடிவம் தெரிகிறது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். கொத்திய உளித் தடமாகவும் இருக்கலாம், எழுத்தாகவும் இருக்கலாம். உங்கள் பகுதித் தூம்புகளில் பழைய கல்வெட்டுகள் கிடைத்திருப்பது உங்களுக்கும் தெரியும். வடகிழக்குப் பருவமழை வந்து கண்மாய் பெருகுவதற்குள் ஒருமுறை போய் வாருங்கள். வெறும் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். சுண்ணாம்போ பெயிண்டோ பூச வேண்டாம். காலை ஏழு மணி வெயில் கல்லின் மேல் சாய்வாக விழும்போது எடுத்தால் வெட்டு ஆழம் நிழலாகத் தெரியும். படத்தை எனக்கு அனுப்புங்கள். கல்வெட்டு படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுகிறேன்.

அன்புடன்.