பயோமாஸ் வாயுவாக்கத்துக்கு சிஎஃப்டி: எங்கிருந்து தொடங்குவது?

மரம் போன்ற பயோமாஸைச் சூடாக்கி எரிவாயுவாக மாற்றும் மணல் படுகை வாயுவாக்கியை (கீழிருந்து காற்றூதி மணலை மிதக்கவிடும் கலன்) சிஎஃப்டியில், அதாவது பாய்ம ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடும் முறையில், சிமுலேட் செய்ய எதை முதலில் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். வேதிவினைகளை இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

எம்ஃபிக்ஸ், ஓப்பன்ஃபோம் என்ற சிஎஃப்டி மென்பொருள்கள் இரண்டும் இலவசம். படுகைக்கு எம்ஃபிக்ஸ் எளிது. முதலில் மணலும் காற்றும் மட்டும், குளிர்நிலையில், இருபரிமாணத்தில். மணல் மிதக்கும்போது, படுகையின் அழுத்த இழப்பை குறுக்குப் பரப்பால் பெருக்கினால் ஏறக்குறைய மணலின் எடை வர வேண்டும். வராவிட்டால் மெஷ்ஷையோ (இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலை) இழுவிசை மாதிரியையோ (காற்று மணலை இழுக்கும் விசைக்கான சமன்பாடு) பாருங்கள். செல் அளவு துகள் விட்டத்தைப்போல் சுமார் 10 மடங்கு, நேரப்படி (டைம் ஸ்டெப்) 0.0001 நொடி அல்லது அதற்கும் கீழே.

அடுத்து வெப்பம், பிறகு ஆவிப்பொருள் வெளியேற்றம் (சூட்டில் மரத்திலிருந்து வாயுக்களும் தாரும் பிரிவது), வாயு வினைகள், கடைசியாக எஞ்சும் கரியின் வினைகள். ஒவ்வொன்றாகச் சேர்த்தால்தான் சால்வர் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரல்) எங்கே தடுமாறுகிறது என்று தெரியும்.

பெரும்பாலோர் சறுக்குவது ஆவிப்பொருளில்தான். உலர்ந்த மரத்தில் அது 70 முதல் 85 சதவீதம். அதை கார்பன் மோனாக்சைடு, மீத்தேன், தார் என்று பிரிக்கும்போது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் கணக்கு நேராக வேண்டும்; எரிவெப்பமும் பொருந்த வேண்டும். இங்கே பிசகினால் வெப்பநிலை காரணமின்றி ஏறும், மெஷ்ஷை எவ்வளவு நுணுக்கினாலும் சரியாகாது.

ஹைட்ரஜன் அளவு சோதனையோடு ஒட்டவில்லையா? நீர்-வாயு மாற்று வினையின் (கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜனும் கார்பன் டையாக்சைடும் ஆவது) வேக மாறிலியைச் சந்தேகியுங்கள். ஆய்வுக்கு ஆய்வு அது வெகுவாக மாறும்.

இன்னொன்று: படுகையில் கரி நிலைபெற நிமிடக்கணக்கில் ஆகும், நீங்கள் ஓட்டுவதோ சில பத்து நொடிகள். ஆகவே ஆரம்பத்திலேயே கொஞ்சம் கரியைப் படுகையில் போட்டுவிடுங்கள். முதல் சில நொடிகளை ஒதுக்கிவிட்டு, மீதிக்கு மட்டும் சராசரி எடுங்கள்.