டீக்குக் கூப்பிட்டு விருந்து வைத்தால்?

கேள்வி: மான்செஸ்டரில் வேலை பார்க்கும் என் மகனை, உடன் வேலை செய்பவர் ஆறு மணிக்கு 'டீ'க்குக் கூப்பிட்டாராம். இவன் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போக, அங்கே கறி, உருளைக்கிழங்கு, பட்டாணி என்று முழுச் சாப்பாடு! வெள்ளைக்காரர்களுக்கே ஆங்கிலம் தெரியவில்லையா? - வாசகர், திருச்சி

பதில்: நன்றாகத் தெரியும். நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது லண்டன் பக்கத்துப் படித்தவர்களின் ஆங்கிலம், அதை வைத்துக்கொண்டு மான்செஸ்டர்க்காரருக்கு மார்க் போடாதீர்கள். வட இங்கிலாந்தில் பல வீடுகளில் மத்தியானச் சாப்பாடுதான் டின்னர், சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்குச் சாப்பிடுவது டீ. பழைய வழக்கத்தை விடாமல் வைத்திருப்பவர்களே அவர்கள்தான். டின்னர் என்றால் அன்றைய பெரிய சாப்பாடு, ஒருகாலத்தில் அரண்மனையிலும் அது பகலில்தான். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் வசதிபடைத்தவர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ராத்திரிக்குத் தள்ளிக்கொண்டே போனார்கள், நடுவில் வயிறு சும்மா இருக்குமா, அப்படி நிலைத்ததுதான் லஞ்ச். ஆனால் லண்டனிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மத்தியானம் போடுவது 'ஸ்கூல் டின்னர்'தான், பரிமாறும் அம்மாவுக்குப் பெயர் 'டின்னர் லேடி'!

அப்புறம் சப்பர். வீட்டில் எளிமையாகச் சாப்பிடும் ராச்சாப்பாட்டை அப்படிச் சொன்னால் ஆள் கொஞ்சம் மேல்தட்டு என்று அர்த்தம், வடக்கே பல வீடுகளில் அதுவே படுக்கப்போகும் முன் கொறிக்கிற டோஸ்ட்.

நம்மூர் நட்சத்திர ஹோட்டல்கள் அடுக்குத்தட்டில் விரல் நீளச் சாண்ட்விச்சை வைத்து 'ஹை டீ' என்று பில் போடுகின்றனவே, அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அசல் ஹை டீ, வேலை முடிந்து பசியோடு வரும் தொழிலாளி இறைச்சியும் ரொட்டியுமாகச் சாப்பிட்டது. சீமாட்டிகள் கேக்கோடு குடித்தது 'ஆஃப்டர்நூன் டீ'. பெயரில் 'ஹை' இருந்ததும் நம் ஆட்கள் ஏமாந்துவிட்டார்கள்.

மகனுக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ரொட்டிக்கடையில் இருக்கிறது. சாதாரண வட்ட பன், அதற்கு மான்செஸ்டரில் 'பார்ம்', நாட்டிங்காமில் 'காப்', கவன்ட்ரியில் 'பேட்ச்'. எது சரி என்று அவர்களுக்குள்ளேயே ஓயாத சண்டை, அதில் இவர் பஞ்சாயத்துக்குப் போக வேண்டாம். மேற்கு யார்க்‌ஷயரில் சில ஊர்களில் அதே பன்னுக்குப் பெயர் 'டீகேக்'. மற்ற ஊர்களில் டீகேக் என்றால் உலர்திராட்சை போட்டது. யார்க்‌ஷயர் பக்கம் போய், திராட்சை எங்கே என்று கடைக்காரரிடம் கேட்டுவிடப் போகிறார், சொல்லிவையுங்கள்.