'மாலி அல்மேதா' நாவலை வாசகர்கள் இப்படி இரண்டாகப் பிரிந்து வாசிப்பது ஏன்?

2022-இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் 'த செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா' என்னும் ஆங்கில நாவலைத் தம் நண்பர்களில் பாதிப்பேர் கொண்டாடுவதாகவும், மீதிப்பேர் நூறு பக்கம் தாண்டாமல் மூடிவைத்துவிட்டதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். செத்தவன் சொல்லும் கதை என்பதுதான் இந்தப் பிளவுக்குக் காரணமா, தாம் அதை வாங்கலாமா என்பது அவர் கேள்வி. நானும் முதல் முறை பாதியில் நிறுத்தினேன். ஓராண்டு கழித்து மறுபடி தொடங்கி இறுதிவரை வாசித்தேன். இரு தரப்பாரின் மனநிலையும் எனக்குள் இருந்திருப்பதால் இந்தப் பதிலை எழுதுகிறேன். கொன்றது யார் என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

கதை 1990-ஆம் ஆண்டுக் கொழும்பில் நடக்கிறது. போர்ப் புகைப்படக்காரனும் சூதாடியும், தன் காதலை ஊருக்குச் சொல்ல முடியாத ஓரினக் காதலனுமான மாலி அல்மேதா கண்விழிக்கும்போது இறந்துபோயிருக்கிறான். மறுமை என்பது அவன் கண்முன் நீண்ட வரிசைகளும் படிவங்களும் பொறுமையிழந்த எழுதுவினைஞர்களும் நிறைந்த ஓர் அரச அலுவலகம்போல விரிகிறது. தன்னைக் கொன்றது யாரென்று அவனுக்கு நினைவில்லை. அவன் உடலோ கொழும்பு நகரின் பேரை வாவிக்குப் போய்விட்டது. ஒளிக்குள் போய்ச் சேர அவனுக்கு ஏழு நிலவுகள், அதாவது ஏழு இரவுகள், தவணை தரப்படுகிறது. அதற்குள், கட்டிலுக்கடியில் ஒரு பெட்டியில் ஒளித்துவைத்த படங்களை உலகத்தின் பார்வைக்குக் கொண்டுவரும்படி, உயிரோடிருக்கும் காதலன் டீடீயையும் தோழி ஜாக்கியையும் எப்படியாவது வழிநடத்தவேண்டும் என்று அவன் தவிக்கிறான்.

பிடிக்காதவர்கள் முதலில் சொல்லும் குறை நடையைப் பற்றியது. 'நான் விழித்தேன்' என்றோ 'அவன் விழித்தான்' என்றோ இல்லாமல் 'நீ விழிக்கிறாய்' என்றே நாவல் முழுவதும் முன்னிலையில் போகிறது. யாரோ தோளைத் தொட்டுத் தொட்டுப் பேசுவதுபோல் இருக்கிறது என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தின் அந்த ஒற்றைச் சொல்லைத் தமிழ் மனம் 'நீ' என்று எடுத்துக்கொள்வதா 'நீங்கள்' என்று எடுத்துக்கொள்வதா என்பதை வாசிப்பவரே தீர்மானித்தாகவேண்டும். முதல் வாசிப்பில் நான் அதைத் தீர்மானிக்கவே இல்லை. அதனாலேயே அந்தக் குரல் எனக்கு அந்நியமாக இருந்தது. இரண்டாம் முறை 'நீ' என்று எடுத்துக்கொண்டேன். செய்யக்கூடாததைச் செய்துவிட்டுத் தனியே நடந்துபோகும்போது 'ஏன் அப்படிச் சொன்னாய்' என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம் அல்லவா, அந்தக் குரலாக அது மாறிவிட்டது. 'நான்' என்று சொல்ல ஓர் உடம்பு வேண்டும். மாலியிடம் அது இல்லை. மிஞ்சியிருப்பது தலைக்குள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் குரல் ஒன்றுதான். இப்படி வாசித்தால் முன்னிலை நடை வேண்டுமென்று செய்த வித்தையாகத் தோன்றவில்லை.

இரண்டாவது குறை நெரிசல். மனிதர்களும் ஆவிகளும் பேய்களும் கட்சிகளும் படைகளும் முதல் நூறு பக்கத்துக்குள் அடுக்கடுக்காக வந்துவிடுகின்றன. 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு வந்த இந்திய அமைதிப் படை வடக்கு கிழக்கில். அதே 1987 முதல் 1989 வரை தெற்கில் ஜேவிபி என்னும் சிங்கள இடதுசாரிக் கட்சியின் (மக்கள் விடுதலை முன்னணி) கிளர்ச்சியும், அதை அடக்குவதற்காக இறங்கிய கொலைப்படைகளும். இவற்றுக்கிடையே அரசு, புலிகள், வெளிநாட்டு உளவாளிகள், ஆயுதத் தரகர்கள். இந்த ஆண்டுகளை அறிந்தவருக்கே மூச்சு முட்டும் என்றால், சென்னையில் இருக்கும் என் நண்பர் 'இது யார் எந்தப் பக்கம் என்று எழுதிவைத்துக்கொண்டு படிக்கவேண்டிய பரீட்சையாக இருக்கிறது' என்று சொன்னதில் வியப்பில்லை. ஓர் இளம் அமெரிக்கப் பத்திரிகையாளனுக்காக மாலி எழுதித்தரும் சுருக்கக் குறிப்பு ஒன்று நாவலிலேயே இருக்கிறது. அது வாசகருக்கும் உதவுகிறது. ஆயினும் அந்த நெரிசல் ஓரளவு நாவலின் குறைதான் என்றே நான் கருதுகிறேன். இதே கதை முதலில் 2020-இல் இந்தியாவில் 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் வந்து, வெளிநாட்டு வாசகர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காகத் திருத்தி எழுதப்பட்ட பிறகுதான் இன்றைய வடிவத்தை அடைந்தது. அவ்வளவு திருத்தியும் முதல் இரவின் தள்ளுமுள்ளு குறையவில்லை.

ஆழமான பிளவு சிரிப்பைப் பற்றியது. வெட்டுண்டவர்களும் எரிக்கப்பட்டவர்களும் குண்டில் சிதறியவர்களும் இந்த நாவலில் கேலி பேசுகிறார்கள், வம்பளக்கிறார்கள், உயிரோடிருந்தபோது இருந்த அதே சில்லறைத்தனங்களோடு அலைகிறார்கள். 'பிணக்குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என்னால் சிரிக்க முடியவில்லை' என்று அந்தச் சென்னை நண்பர் சொன்னார். அது நேர்மையான சொல், அதை ரசனைக் குறைவு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவர் விரும்பி வாசித்த மறுமைக் கதை வேறு. 2002-இல் வெளிவந்த அலிஸ் சீபோல்டின் 'த லவ்லி போன்ஸ்' நாவலில், கொலையுண்ட 14 வயதுச் சிறுமி தனக்கான சொர்க்கத்திலிருந்து தன் குடும்பம் உடைந்து மெல்லத் தேறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொலைகாரன் யாரென்பது வாசகருக்குத் தொடக்கத்திலேயே தெரிந்துவிடுவதால், அங்கே மனம் துக்கத்தின் பின்னாலேயே போகிறது. அந்த நாவலைப் பிடிக்காதவர்கள் அது மிகவும் இனிக்கிறது என்கிறார்கள். இந்த நாவலைப் பிடிக்காதவர்கள் இது ஆறுதலே தரவில்லை என்கிறார்கள். இறந்தவர் வாயிலாகக் கதை கேட்க உட்காரும் ஒருவர், அந்த வாயிலிருந்து என்ன வரவேண்டும் என்று முன்பே ஓர் எதிர்பார்ப்போடுதான் உட்காருகிறார். பெரும்பாலானோர் எதிர்பார்ப்பது ஆறுதல். மாலி தருவது வாக்குமூலம். அந்தச் சிரிப்பும் எனக்குப் பழக்கமானதே. அந்த ஆண்டுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் ஊரடங்கு இரவுகளில், கதவைத் தாழிட்டு விளக்கைத் தணித்தபின் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எவ்வளவு கேலி பேசுவார்கள் என்று அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார். அது துக்கம் இல்லாதவர்களின் சிரிப்பன்று.

என்னை இந்த நாவலோடு கட்டிப்போட்டது அதிலுள்ள ஒரு விதி. ஆவி காற்றைப் பிடித்துக்கொண்டு பயணம் போகலாம், ஆனால் இரண்டு வகை இடங்களுக்கு மட்டும்தான்: உயிரோடிருந்தபோது உடல் போயிருந்த இடங்கள், யாராவது தன் பெயரைச் சொல்லும் இடங்கள். கதையை நகர்த்த இது வசதியான ஏற்பாடு என்று விமர்சகர் ஒருவர் சொல்லக்கூடும். நான் அந்தப் பக்கத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்று மாலை முழுவதும் என் அம்மம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். சின்ன மாமா 1990-இல் ஒரு காலையில் வேலைக்கென்று புறப்பட்டுப் போனவர், திரும்பவில்லை. எங்கள் வழக்கப்படி இறந்தவருக்கு எட்டாம் நாள் எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி என்னும் சடங்குகளைச் செய்யவேண்டும். உடல் இல்லை, மரணச் சான்றிதழ் இல்லை, செத்த திகதியும் இல்லை. அம்மம்மா எதையும் செய்ய விடவில்லை. விளக்கேற்றும் நேரத்தில் தினமும் அவர் பெயரை ஒருமுறை சொல்வார். மாமாவைப் பற்றி யாரும் இறந்தகாலத்தில் பேசக்கூடாது; 'அவனுக்குக் கூழ் பிடிக்கும்' என்றுதான் சொல்லவேண்டும், 'பிடித்தது' என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் எழுந்து போய்விடுவார். பெயர் சொல்லப்படும் இடத்துக்கு இறந்தவன் வந்து நிற்பான் என்று ஒரு நாவலாசிரியர் எழுதும்போது, அது கற்பனை என்று தள்ளிவைக்க என்னால் முடியவில்லை.

இந்த விதி அந்தத் தீவின் வரலாற்றிலிருந்து முளைத்தது என்றே நான் வாசிக்கிறேன். மாலியின் பாத்திரத்துக்குப் பின்னால் ரிச்சர்ட் டி சொய்சாவின் சாயல் இருக்கிறது. பத்திரிகையாளரும் நடிகருமான அவர் 1990 பெப்ரவரி 18-ஆம் திகதி வீட்டிலிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் மொரட்டுவைக் கரையோரத்தில் அவர் உடல் கிடைத்தது. அவருடைய தாய் வைத்தியர் மனோராணி சரவணமுத்து, தெற்கில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் 1990-இல் தொடங்கிய அன்னையர் முன்னணிக்குத் தலைமை ஏற்றார். தன் மகனின் உடலாவது தனக்குக் கிடைத்தது என்று எண்ணிக்கொள்ளவேண்டிய நிலை ஒரு தாய்க்கு வந்த காலம் அது. யாழ்ப்பாணத்தில் தாய்மார் அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1984-இல், அன்னையர் முன்னணி அமைத்துவிட்டார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல்போன பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரும் செய்தது பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பதுதான். கொன்றவன் பேச மாட்டான், கண்டவன் பயந்து ஒதுங்கிவிட்டான், கோப்பும் காணாமல் போய்விட்டது என்றால், சாட்சிக் கூண்டில் ஏற மிஞ்சியிருப்பவர் செத்தவர் மட்டுமே. அதனால்தான் இந்தக் கதையை வேறு எவராலும் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். ஏழு நிலவு என்ற கணக்கும் அங்கே யாருக்கும் புதிதன்று. சிங்கள பௌத்தர் வீடுகளில் ஏழாம் நாள் தானம் கொடுப்பார்கள்.

தமிழ் வாசகர்களுக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு இன்னொரு வகை. டொரண்டோவில் இருக்கும் என் தங்கைக்கு இந்த நாவலின் மேல் கோபம். நான் மேலே சொன்ன அந்தச் சுருக்கக் குறிப்பு, நல்லவர்களைத் தேடாதே, அப்படி இங்கே யாரும் இல்லை என்ற பொருளில் முடிகிறது. எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்திவிட்டுக் கைகழுவும் கொழும்பு ஆங்கிலக்காரரின் வசதியான வாக்கியம் அது என்கிறாள் அவள். மறுமையில் மாலிக்கு வழிகாட்டும் முக்கியமான தமிழர், புலிகளால் கொல்லப்பட்ட பேராசிரியை ராணி ஸ்ரீதரன் என்பதும் அவளுக்குத் தற்செயலாகப் படவில்லை. ராணியின் பின்னால் இருப்பவர் ராஜினி திராணகம என்பதை ஈழத்து வாசகர்கள் உடனே கண்டுகொள்வார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த அவர், 1989 செப்டம்பர் 21-ஆம் திகதி சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரும் மற்ற மூவரும் சேர்ந்து எழுதிய 'முறிந்த பனை' இலங்கைப் படையையும் இந்தியப் படையையும் தமிழ் ஆயுத இயக்கங்களையும் ஒருங்கே கேள்வி கேட்ட நூல். அத்தகைய ஒருவரை மறுமையில் படிவங்களும் கையுமாக நிறுத்தியிருப்பதை நான் அவமதிப்பாகப் பார்க்கவில்லை. எண்ணிக்கையைக் குறித்துவைப்பதே அவர் உயிரோடு செய்த வேலை. 1983 ஜூலையில் தமிழர் வீடுகள் எரியும்போது பார்த்துக்கொண்டு நிற்கும் ஓர் அமைச்சரின் படம் மாலியின் பெட்டியில் இருக்கிறது என்பதையும், கதையே அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் ஓடுகிறது என்பதையும் தங்கையிடம் சொன்னேன். ஆனால் ஒன்றை அவளுக்கு விட்டுக்கொடுக்கிறேன்: வடக்கு கிழக்கின் சாதாரணத் தமிழ்ச் சனங்கள் இந்த நாவலில் பெரும்பாலும் கூட்டமாகவே வந்துபோகிறார்கள், கொழும்பின் ஆங்கிலம் பேசும் வீடுகளுக்குக் கிடைத்த நேரம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

இதே நாவலை மாத்தறையைச் சேர்ந்த என் சிங்கள நண்பர் வாசித்த விதம் எங்கள் இருவர் வாசிப்பிலிருந்தும் வேறு. அவருக்கு நாவலின் மையம் சேனா. குப்பைப் பைகளைப் போர்வையாகப் போட்டுக்கொண்டு, கொன்றவர்களைப் பழிவாங்குவோம் வா என்று மாலியை இழுத்துக்கொண்டே இருக்கும், கொல்லப்பட்ட ஜேவிபி இளைஞன். 1989-இல் தன் சித்தப்பாவை இழந்த அந்த நண்பர், தெருவோரம் டயரில் எரிந்தவர்களுக்கு ஆங்கில நாவலில் ஒருவன் வாய் கொடுத்துவிட்டான் என்று சொல்லிக் குரல் கம்மினார். சேனா வரும் இடங்கள் எனக்கு அலுப்பூட்டியவை. அவர் சொன்னபிறகு அவற்றைத் திரும்ப வாசித்தேன்.

குறை என்று நானாகச் சொல்லவேண்டியவை இரண்டு. நடு இரவுகளில் காற்றேறி ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பாய்வது திரும்பத் திரும்ப நிகழ்ந்து வேகத்தைக் குறைக்கிறது. ஆவிகளை விழுங்கித் திரியும் மகாகாளி, மனிதர் மனிதருக்குச் செய்தவற்றைப் படித்துக்கொண்டுவரும் நமக்கு அவ்வளவு பயம் தரவில்லை.

வாங்கலாமா என்றால், மறுமைக் கதையிடம் ஆறுதலைத் தேடுபவராக நீங்கள் இருந்தால் இப்போது வேண்டாம். மற்றபடி வாங்குங்கள், பெயர்களை ஒரு தாளில் குறித்துக்கொண்டு மூன்றாம் நிலவு வரையாவது போய்விட்டு முடிவு செய்யுங்கள், நான் முதல் முறை நிறுத்தியது அதற்குச் சற்று முன்னால்தான். இந்தியாவில் இருப்பவர் என்றால் பழைய புத்தகக் கடைகளில் 2020 பதிப்பு வேறு தலைப்போடு கண்ணில் படலாம். இரண்டும் ஒரே கதை என்பதால், ஒன்றை மட்டும் வாங்குவதாக இருந்தால் 2022 பதிப்பையே எடுங்கள்.