அடுப்படிச் சந்தேகங்கள்: கட்டுச்சோறு ஏன் கெடுகிறது?

சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம். போன தடவை கொண்டுபோன புளிசாதம் மறுநாள் காலையிலேயே பிசுபிசுத்து வாடை வந்துவிட்டது. நிறையப் புளி விட்டும் ஏன் இப்படி?
– கல்லூரி மாணவர், சென்னை

புளிக்காய்ச்சல் நீர்க்க இருந்திருக்கும். அல்லது சாதத்தைச் சூட்டோடு டப்பாவில் அடைத்திருப்பீர்கள். பெரும்பாலும் இரண்டாவதுதான். சூடான சாதத்தை மூடினால் ஆவி மூடியில் முத்துமுத்தாகக் கோத்துச் சாதத்தின் மேலேயே சொட்டும். அந்த ஈரத்தில்தான் கெடுதல் தொடங்குகிறது. பாசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், கொதிநீரிலும் சாகாது. சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் பெருகிவிடும். வாந்தி உண்டாக்கும் அதன் நச்சு, திரும்பச் சூடுபண்ணினாலும் போகாது. நல்ல புளிப்பு இருந்தால் அது வளர முடியாது. ஆனால் புளிப்பு ஒவ்வொரு பருக்கையிலும் ஏறியிருக்க வேண்டும்.

காய்ச்சலை முந்தின நாளே செய்துவிடுங்கள். 100 கிராம் பழைய புளியை 400 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்து வடிகட்டுங்கள். 100 மில்லி நல்லெண்ணெயில் கடுகு, 2 மேசைக்கரண்டி கடலைப்பருப்பு, 10 காய்ந்த மிளகாய், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, மஞ்சள்தூள், கல்லுப்பு, புளிக்கரைசல் சேர்த்து நிதானமான தீயில் வற்றவிடுங்கள். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்க வேண்டும். அகப்பையால் கீறினால் அடிப்பாத்திரம் ஒரு நொடி தெரிய வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பச்சை வாடையும் போகாது, நாள்பட நிற்கவும் நிற்காது. 2 மேசைக்கரண்டி தனியா, 1 மேசைக்கரண்டி எள், 4 மிளகாய், அரைத் தேக்கரண்டி வெந்தயம் ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துப் பொடித்து, இறக்கிய பிறகு கலக்குங்கள். வெந்தயம் கொஞ்சம் அதிகமாகச் சிவந்தால் மொத்தமும் கசந்துபோகும். நெல்லூர், விஜயவாடா தாண்டும்போது சாப்பாட்டு டப்பாவைத் திறப்பவருக்கு அந்தக் கசப்பு வேண்டாம்.

200 கிராம் அரிசிக்கு இந்தக் காய்ச்சல் 4 முதல் 5 மேசைக்கரண்டி போதும். சாதத்தை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் பரப்பி, 2 தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மின்விசிறிக்கு அடியில் முழுதாக ஆறவிட்டுப் பிசையுங்கள். வறுத்த வேர்க்கடலையைக் கட்டும்போதுதான் சேர்க்க வேண்டும். காய்ச்சலில் ஊறினால் நமுத்துவிடும். வெங்காயம், தேங்காய் கூடவே கூடாது. கிளம்பும் மாலையில் பிசைந்ததை மறுநாள் மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். அன்று இரவுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். சப்பாத்தி பற்றிக் கீழே சொல்லியிருக்கிறோம்.

தயிர்சாதம் மதியத்துக்குள் பல் கூசும் அளவுக்குப் புளித்துவிடுகிறது. ஆபீசுக்கு எடுத்துப்போக வழி உண்டா?
– வாசகி, மதுரை

தயிர்சாதம் என்ற பெயரை நம்பிக் கப்புக் கப்பாகத் தயிர் ஊற்றுவதால் வரும் வினை. உண்மையில் அதைப் பால்சாதமாகத்தான் கட்ட வேண்டும். 1 கப் அரிசிக்கு மூன்றரைக் கப் தண்ணீர் வைத்துக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசியுங்கள். காய்ச்சி ஆறிய பால் ஒன்றரைக் கப், வெண்ணெய் ஒரு தேக்கரண்டி, உப்பு சேர்த்துக் கலக்குங்கள். சாதம் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் புளிக்காத தயிர் 2 மேசைக்கரண்டி மட்டும் விடுங்கள். டப்பாவிலேயே உறைந்து மதியத்துக்குப் பதமாக இருக்கும். கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது தயிரை விட்டால் உறையவைக்கும் பாக்டீரியா செத்துப்போகும். சாதம் உறையாமல் பாலாகவே நின்று கெடும். கலக்கும்போது கொஞ்சம் தளர்வாக இருப்பதுபோல் தோன்றினால் பயப்பட வேண்டாம், நேரமாக ஆக இறுகும். இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம் தாளித்துக் கொட்டலாம். வெள்ளரிக்காய் துருவிப் போட்டால் நீர்விடும். சித்திரை, வைகாசி வெயிலில் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

மிளகாய்ப்பொடி தடவிய இட்லி வாழையிலையில் சொதசொதவென்று ஆகிவிடுகிறது.
– வாசகர், கும்பகோணம்

இட்லியை ஆறவைத்த பிறகு தடவுங்கள். முதலில் நல்லெண்ணெய் மட்டும் இரண்டு பக்கமும் பூசி, அது உறிஞ்சியபின் பொடியில் புரட்டுங்கள். எண்ணெயில் குழைத்த பொடியைச் சுடச்சுடத் தடவினால் ஆவியில் கரைந்து வழியும். இலையை அனலில் வாட்டி, ஈரம் துடைத்துக் கட்டுங்கள். மாவும் வழக்கத்தைவிடச் சற்றுக் கெட்டியாக இருக்கட்டும்.

பயணத்துக்குச் செய்யும் சப்பாத்தி அப்பளம்போல் விறைத்துவிடுகிறது. பால் விட்டுப் பிசையச் சொல்கிறார்களே?
– வாசகி, ஈரோடு

அதே நாளில் சாப்பிடுவதானால் பால் விடலாம். அடுத்த நாளைக்கு வேண்டாம், சீக்கிரம் வாடை வரும். விறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கல்லின் சூடு போதாததுதான். குறைந்த தீயில் வெகுநேரம் கிடந்தால் ஈரமெல்லாம் போய்விடும். 2 கப் கோதுமை மாவுக்கு வெந்நீர் ஏறக்குறைய முக்கால் கப், எண்ணெய் 2 மேசைக்கரண்டி. அரை மணி நேரம் மூடி வைத்து, நன்றாகக் காய்ந்த கல்லில் சட்டென்று சுட்டெடுங்கள். சுட்டதைத் துணியில் அடுக்கி, ஆறிய பிறகே டப்பாவில் மூடுங்கள்.

டெல்லி மாணவருக்கும் சேர்த்து ஒன்று: குஜராத்திகள் பயணத்துக்கென்றே செய்யும் தேப்லாவை முயன்று பாருங்கள். அதே மாவில் நறுக்கிய வெந்தயக்கீரை, ஓமம், மிளகாய்த்தூள், மஞ்சள், 3 மேசைக்கரண்டி தயிர் சேர்த்து, தண்ணீரைக் குறைத்துப் பிசைந்து, இருபுறமும் எண்ணெய் விட்டுச் சுடுவது. இரண்டு நாள் தாங்கும். தொட்டுக்கொள்ள ஊறுகாயே போதும். குருமா கட்டிக்கொண்டு போவது வீண் வம்பு.

வேலை முடிந்து அலுத்து வரும் இரவில் ஒரே குக்கரில் முடிகிற, மனசுக்கு இதமான சாப்பாடு ஒன்று சொல்லுங்கள். சமையல் இப்போதுதான் பழகுகிறேன்.
– ஐ.டி. ஊழியர், பெங்களூரு

கோயம்புத்தூர்ப் பக்கத்து அரிசிம்பருப்பு சாதம். 1 கப் அரிசியையும் கால் கப் துவரம்பருப்பையும் கழுவி 20 நிமிடம் ஊறவையுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டுக் கடுகு, சீரகம், மிளகு, 2 காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை. பிறகு 10 சின்ன வெங்காயம், 6 பல் பூண்டு, 1 தக்காளி வதக்கி, மஞ்சள்தூள், சாம்பார்ப்பொடி ஒரு தேக்கரண்டி. மூன்றேகால் கப் தண்ணீர் கொதித்ததும் உப்பு, அரிசி, பருப்பு சேர்த்து 3 விசில். ஆவி தானாக அடங்கியபின் திறந்து நெய் விடுங்கள்.

பருப்பு மட்டும் நறுக்நறுக்கென்று இருந்தால் ஊறாததோ பழைய பருப்போ காரணம். தக்காளி இரண்டு மூன்று போட்டாலும் அப்படித்தான். புளிப்பு பருப்பை வேகவிடாது. அடிபிடித்தால், வதக்கியது பாத்திரத்தில் ஒட்டியிருக்கிறது என்று பொருள். தண்ணீர் ஊற்றியதும் கரண்டியால் ஒரு தடவை சுரண்டிவிடுங்கள்.

ரயிலில் மின்சாரக் கெட்டில் வைத்து நூடுல்ஸ் செய்யலாமா?
– வாசகர், திருச்சி

கூடாது. பெட்டியில் இருக்கும் பிளக் பாயின்ட் செல்போன், லேப்டாப் சார்ஜ் செய்வதற்கு மட்டும். கெட்டில் இழுக்கும் மின்சாரத்தை அது தாங்காது, தீப்பிடிக்கலாம்; ரயில்வே சட்டப்படி தண்டனையும் உண்டு. வெந்நீரை ஃபிளாஸ்க்கில் கொண்டுபோங்கள். 1 கப் கெட்டி அவலை மொறுமொறுப்பாக வறுத்து, கடுகு, வேர்க்கடலை, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, உப்பும் மாங்காய்ப்பொடியும் கலந்து ஆறவைத்து டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் கப் வெந்நீர் ஊற்றி எட்டு நிமிடம் மூடிவைத்தால் உப்புமா தயார். கறிவேப்பிலை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிந்திருக்க வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் அவல் நமுத்துப்போகும்.