பச்சைப் பட்டாணிகளின் கசிவு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பச்சைப் பட்டாணி கேலக்ஸிகள் எனப்படும் சிறு விண்மீன் திரள்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், அவற்றிலிருந்து அயனியாக்கும் (அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்துவிடும்) புற ஊதாக் கதிர் கசிகிறது என்கிறீர்கள். ஹைட்ரஜன் அணு அந்தக் கதிரை விழுங்கிவிடும் என்பதும் அதிலேயே இருக்கிறது. வழியெங்கும் ஹைட்ரஜன் இருக்கையில் கசிவை எப்படிக் கண்டார்கள்? நிறத்தை வைத்தே முடிவு செய்துவிட்டார்களா? ஒரே நிறமுள்ளவற்றில் சிலவற்றைக் ‘கசியாதவை’ என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கே. எம்.

அன்புள்ள கே. எம்.,

நிறம் தேடலுக்குத்தான் உதவியது. 2007இல், வானப் படங்களிலுள்ள கேலக்ஸிகளைப் பொதுமக்கள் வகைப்படுத்தும் கேலக்ஸி ஜூ திட்டத்தின் தன்னார்வலர்கள் கண்ணில் பட்ட சிறு பச்சைப் புள்ளிகள் இவை. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜன் 5007 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு) அலைநீளத்தில் உமிழும் ஒளி, ஸ்லோன் வானாய்வுப் படங்களில் பச்சையாகக் காட்டப்படும் அலைவரிசைக்குள் செம்பெயர்ச்சியால் (அண்டம் விரிவதால் அலைநீளம் நீள்வதால்) வந்து விழுவதே அந்த நிறத்துக்குக் காரணம். கசிவைப் பற்றி அந்த நிறம் மட்டும் எதையும் உறுதியாகச் சொல்லாது.

வழியில் உள்ள ஹைட்ரஜனைப் பற்றி நான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கேலக்ஸிகளுக்கு இடையிலுள்ள ஹைட்ரஜனில் மிகப் பெரும்பகுதி இன்று எலக்ட்ரானை இழந்து நிற்பதால், 912 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த அலைநீளமுள்ள அந்த அயனியாக்கும் கதிரை அதனால் விழுங்க முடியாது. தடை நம் வீட்டு வாசலில்தான் இருக்கிறது: மிக அருகிலுள்ள கேலக்ஸியின் கசிவை நம் பால்வெளியின் ஹைட்ரஜனே மறைத்துவிடும். செம்பெயர்ச்சி 0.3 அளவில் (அலைநீளம் 1.3 மடங்காகும் அளவில்) இருந்தால் அந்த 912 ஏறத்தாழ 1190 ஆங்ஸ்ட்ராமாக நீண்டுவிடுவதால், பால்வெளியைக் கடந்து ஹபிள் தொலைநோக்கியின் நிறமாலைமானிக்கு எட்டுகிறது. வானியலாளர் இசோடோவின் குழுவினர் 2016இல் ஜே0925+1403 என்ற பட்டாணியில், உள்ளே உருவாகும் அயனியாக்கும் கதிரில் ஏறத்தாழ 8 விழுக்காடு கசிவதை நேரடியாக அளந்தது இப்படித்தான். 2018இல் அவர்களே வேறு இரண்டில் 46, 72 விழுக்காடு என்று அளந்தார்கள். (புனேயைச் சேர்ந்த வானியலாளர் கனக் சாஹாவின் குழு, செம்பெயர்ச்சி 1.42இல் உள்ள ஒரு கேலக்ஸியின் கசிவை இந்தியாவின் அஸ்ட்ரோசாட் விண்தொலைநோக்கியைக் கொண்டு கண்டு 2020இல் வெளியிட்டதையும் நான் சேர்த்திருக்க வேண்டும்.)

ஆனால் எல்லாவற்றையும் இப்படி நேரே பார்க்க ஹபிளின் நேரம் போதாது. அதனால்தான் அடையாளங்கள் தேவைப்படுகின்றன. இளம் விண்மீன்களைச் சூழ்ந்த வாயுவில், உள்ளே இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனும், கதிர் வலுவிழக்கும் வெளி விளிம்பில் ஒன்றை மட்டும் இழந்த ஆக்சிஜனும் இருக்கும். அந்த விளிம்பு வருமுன்பே வாயு தீர்ந்துவிட்டால் உள் வகையின் ஒளி மிகுந்தும் வெளி வகையின் ஒளி குறைந்தும் தெரியும். மிஞ்சிய கதிர் வெளியேறும். ஆகவே இவ்விரு ஒளிகளின் விகிதம் உயர்ந்திருந்தால் சந்தேகிக்கலாம். சந்தேகிக்கலாம் என்பதோடு நிறுத்த வேண்டும். கதிரே மிக ஆற்றல் மிகுந்ததாக இருந்தாலும், உலோகச் செறிவு (ஹீலியத்தைவிடக் கனமான தனிமங்களின் அளவு) குறைந்திருந்தாலும் அதே விகிதம் உயரும். என் மதிப்பில், நிறமாலையில் ஹைட்ரஜன் உமிழும் லைமன் ஆல்பா என்ற புற ஊதா ஒளிவரியின் இரண்டு முகடுகளுக்கு இடையிலான தொலைவே இதைவிட நம்பகமானது: நடுநிலை (எலக்ட்ரானை இழக்காத) ஹைட்ரஜன் குறையக் குறைய அந்த ஒளி அதிகம் சிதறாமல் வெளியேறுவதால் முகடுகள் நெருங்கிவிடுகின்றன.

இத்தனை அடையாளங்களோடு தேர்ந்தெடுத்த 66 கேலக்ஸிகளை ஹபிளால் நோக்கிய ஆய்வு 2022இல் வெளியானபோது, 35இல்தான் கசிவு பதிவாகியிருந்தது. மற்றவை கசியவில்லை என்று பொருளல்ல. கசிவு மிக மெலிதாக இருந்திருக்கலாம்; வேறு திசையிலும் போயிருக்கலாம். வாயு எல்லாப் பக்கமும் ஒரே அடர்த்தியில் இருப்பதில்லை. இரவில் விளக்கு எரியும் ஒரு கீற்றுக் கொட்டகையில், கீற்று கிழிந்த பக்கம் நிற்பவருக்குத்தான் வெளிச்சம் தெரியும். மறுபக்கம் நிற்பவருக்கு அது இருட்டுக் கொட்டகை.

செம்பெயர்ச்சி 6ஐத் தாண்டிய தொல்காலக் கேலக்ஸிகளில், கேலக்ஸிகளுக்கு இடையே நடுநிலை ஹைட்ரஜன் மிகுந்திருப்பதால், நேரடி அளவீட்டுக்கு வழியே இல்லை. அங்கே ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கி தரும் ஆக்சிஜன் விகிதம் போன்ற அடையாளங்களை, அருகிலுள்ள பட்டாணிகளில் உரசிப் பார்த்துத்தான் படிக்க முடியும். எனவே கட்டுரையில் ‘கசியாதவை’ என்றிருந்ததை ‘நம் திசையில் கசிவு காணப்படாதவை’ என்று திருத்திவிட்டேன்.