பாட்டு வருகிறது, பேச்சு வரவில்லையே!

கேள்வி: கானாடுகாத்தானில் மாமியாருடன் வசிக்கிறோம். கணவர் பிரான்சில் துலூஸ் நகரில் வேலை பார்க்கிறார். ஏழு வயது மகளையும் நான்கு வயது மகனையும் அழைத்துக்கொண்டு வரும் ஆகஸ்டில் நானும் அங்கே போகிறேன். ஆறு மாதமாகக் கைப்பேசியில் பிரெஞ்சுக் குழந்தைப் பாடல்களைப் போட்டுக் காட்டுகிறேன். மகன் நான்கைந்து பாடல்களைத் தடங்கலின்றிப் பாடுகிறான். ஆனால் அவன் அப்பச்சி (அப்பா) வீடியோ அழைப்பில் பிரெஞ்சில் பெயரைக் கேட்டால் விழிக்கிறான். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காகப் பிரெஞ்சு எடுத்துப் படித்தவள் நான். உச்சரிப்பு தவறாகிவிடுமோ என்று பயந்து அவர்களோடு பாடுவதில்லை. பிள்ளைகள் தமிழை மறந்துவிடுவார்கள் என்று மாமியார் வருந்துகிறார். பாட்டு வழியாகவே பிரெஞ்சு கற்பிப்பதாகச் சொல்லும் இணைய வகுப்பு ஒன்றில் சேர்க்கலாமா?
— ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, தங்கள் மகன் விழிப்பதில் வியப்பில்லை. காரைக்குடியில் சிறு பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய காலத்தில், தூங்கும் துறவியை எழுப்பும் ‘ஃப்ரேர் ழாக்’ பாடலைத்தான் நானும் முதலில் எடுத்துக்கொண்டேன். அதில் ‘ஸொனே லே மாதீன்’ என்று ஓர் அடி வரும். விடியல் வழிபாட்டு மணியை அடியுங்கள் என்பது பொருள். ஒரு சிறுவன் மூன்று வாரமாக அதைச் ‘சொன்னேன்லே மாட்டேனே’ என்று பாடிக்கொண்டிருந்தான். மெட்டும் தாளமும் இம்மியும் பிசகாததால் என் காதுக்கு அது எட்டவே இல்லை; எதை மாட்டேன் என்கிறான் என்று அவனுடைய ஆயா (பாட்டி) வந்து கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. மெட்டு எந்தச் சொல்லையும் சுமந்துகொண்டு போய்விடும். சுமப்பது இன்னது என்று பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை.

பாட்டைப் பேச்சாக மாற்றும் வழி தங்கள் வீட்டிலேயே இருக்கிறது. நம் பக்கத்துத் தாலாட்டில், பிள்ளையை அடித்தது யார் என்று கேட்டுவிட்டு, மாமனா, அத்தையா, பாட்டியா என்று ஆளை மாற்றி, அடித்த பூச்செண்டையும் மாற்றிக்கொண்டே போவார்கள் அல்லவா? வாக்கியத்தின் சட்டம் அப்படியே நிற்க, நடுவில் ஒரு சொல் மட்டும் மாறுகிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை உறவுமுறைகளையும் பூக்களையும் வினைச்சொல்லையும் சேர்த்தே கற்றுக்கொள்வது இப்படித்தான். ஆகவே பிரெஞ்சிலும் இவ்வாறு சட்டம் நின்று சொல் மாறுகிற பாடல்களையே தேர்ந்தெடுங்கள். அழகான கதைப்பாடல்கள் பிறகு வரட்டும்.

அத்தகைய பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது, ‘ஸாவே வூ ப்ளாந்தே லே ஷூ’ என்று தொடங்கும் முட்டைக்கோஸ் பாட்டு. முட்டைக்கோஸ் நடத் தெரியுமா, எங்கள் ஊர் முறைப்படி நடத் தெரியுமா என்று அது கேட்கிறது. பிறகு விரலால் நடுகிறோம், காலால் நடுகிறோம், முழங்காலால், முழங்கையால், மூக்கால் என்று நீள்கிறது. தங்கள் வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், ஆத்தங்குடித் தரைக்கல் பதித்திருந்தால் ஒவ்வொரு கல்லையும் ஒரு பாத்தியாக வைத்துக்கொள்ளுங்கள். ‘துவா’ என்று பாடும்போது பிள்ளை விரலால் ஒரு கல்லைத் தொட வேண்டும்; ‘ழனூ’ என்றால் முழங்கால், ‘கூத்’ என்றால் முழங்கை, ‘நே’ என்றால் மூக்கு. இரண்டு நாள் கழித்துப் பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, மெட்டில்லாமல் ‘அவெக் ல நே?’ என்று மட்டும் கேளுங்கள். மூக்கு தரையைத் தொட்டால் அந்தச் சொல் பாட்டிலிருந்து கழன்று பிள்ளையின் கைக்கு வந்துவிட்டது என்று பொருள். தொடாவிட்டால் இன்னும் நான்கு நாள் பாடுங்கள், அவசரமில்லை.

அடுத்ததாக, நிலா வெளிச்சத்தில் நண்பனிடம் எழுதுகோல் கேட்கும் ‘ஓ க்ளேர் த லா ல்யூன்’. இதில் ‘ப்ரெத் முவா தா ப்ளூம்’, அதாவது உன் எழுதுகோலைக் கொஞ்சம் கொடு, என்னும் அடி ஒன்றே போதும். அதை வெட்டி எடுத்து வீட்டுப்பாடம் எழுதும் நேரத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். பென்சில் வேண்டுமானால் ‘ப்ரெத் முவா தோன் க்ரேயோன்’. அழிப்பான் வேண்டுமானால் ‘ப்ரெத் முவா தா கோம்’. ஆண்பாலுக்குத் ‘தோன்’, பெண்பாலுக்குத் ‘தா’ என்னும் இலக்கணத்தை விளக்க வேண்டாம். பிரெஞ்சில் கேட்டால்தான் கிடைக்கும் என்று அக்காளும் தம்பியும் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டால் அது தானே படிந்துவிடும். இந்த அடியில் நண்பனை ‘நீ’ என்றும், துறவி பாட்டில் அவரை ‘நீங்கள்’ என்றும் விளிக்கிறார்கள். ஆங்கிலம் மட்டும் அறிந்த பிள்ளைக்கு இந்த வேறுபாட்டைத் தனிப்பாடமாக நடத்த வேண்டியிருக்கும். பெரியவர்களை ‘வாங்க’ என்று அழைத்து வளர்ந்த பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதே இல்லை.

பெயர் கேட்கும் வாக்கியம் இந்தப் பாடல்களில் இல்லையே என்று தாங்கள் நினைக்கலாம். ‘கைவீசம்மா’ மெட்டில் ‘த்யூ தாபெல் கொமாந்?’ என்று தாங்கள் கேட்க, ‘ழ மாபெல்’ என்று தொடங்கி அவன் தன் பெயரைச் சேர்த்துப் பதில் பாடட்டும். மெட்டு பிரெஞ்சாகத்தான் இருக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

இனி, தங்களைப் பாடவிடாமல் தடுக்கும் உச்சரிப்புப் பயம். பிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் ஆங்கிலேயருக்குத்தான் கடினம். ‘மரம்’ என்று எழுதுகிறோமே தவிர, பேசும்போது கடைசி மகரத்தை உதடு கூட்டி ஒலிப்பதில்லை, மூக்கில் ஏற்றி விட்டுவிடுகிறோம். ‘வந்தேன்’ என்பதன் இறுதியும் அப்படியே. முன்னதற்கு நெருங்கிய ஒலியே வணக்கம் சொல்லும் ‘போன்’ஜூரின் முதல் அசையிலும், பின்னதற்கு நெருங்கியதே ரொட்டியைக் குறிக்கும் ‘பேன்’ என்ற சொல்லிலும் வருகிறது. தலை என்னும் பொருள்கொண்ட ‘தெத்’தை நம் தகரத்தைக் கொண்டே சொல்லலாம், ஆங்கிலப் பழக்கத்தில் ‘டெட்’ என்று சொல்லிவிடாமல் இருந்தால் போதும். மெய்யாகவே பழக வேண்டியவை இரண்டுதான். ‘ல்யூன்’ என்பதில் வரும் உயிர் தமிழில் இல்லை. ஈ என்று சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ஊ போலக் குவித்தால் அது பிறக்கும். மற்றொன்று தொண்டையில் உருளும் ரகரம். வாய் கொப்பளிக்கும் விளையாட்டாக்கினால் நான்கு வயதுக்காரன் தங்களை முந்திவிடுவான்.

பாடல்களைத் தமிழ் எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட மட்டும் வேண்டாம். நானே இங்கே வேறு வழியின்றி ‘ழாக்’ என்று எழுதுகிறேன். அச்சில் அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது, ஆனால் அந்த ஒலி வாழைப்பழத்து ழகரம் அன்று. படிக்கத் தெரிந்த மகள் எழுத்தை நம்பிக் காதைக் கைவிட்டுவிடுவாள். இன்னொன்று: பாட்டில் ‘ல்யூ-ன’ என்று இரண்டு சுரத்துக்கு நீளும் சொல், பொதுப்பேச்சில் ‘ல்யூன்’ என்று ஓர் அசையாகக் குறுகிவிடும். ஆகவே ஒவ்வொரு பாட்டையும் ஒருமுறை பாடாமல் பேசியும் காட்டுங்கள். வேடிக்கை என்னவென்றால், தாங்கள் போகும் துலூஸ் தெற்கத்திச் சீமை. அந்த ஈற்று உயிரைப் பேச்சிலும் விடாமல் ஒலிப்பவர்கள் அங்கே உண்டு, மூக்கொலிக்குப் பின்னால் ஒரு ‘ங்’ வால் சேர்ப்பவர்களும் உண்டு. பாரீசுக்காரர் சிரிக்கும் உச்சரிப்போடு அவர்கள் நன்றாகத்தான் வாழ்கிறார்கள். தாங்களும் தயங்காமல் பாடலாம்.

தாங்கள் பாட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2003-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாட்ரீசியா கூல் என்னும் ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பன்னிரண்டு அமர்வுகளில் சீனமொழியைக் கேட்கச் செய்தனர். நேரில் ஆள் உட்கார்ந்து பேசி விளையாடியபோது அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்ற குழந்தைகள், அதே பேச்சைத் தொலைக்காட்சியில் கேட்டபோது கற்கவில்லை. கைக்குழந்தைக்குச் சொன்னதை நான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருத்த முடியாதுதான். எனினும் கேட்பதோடு நிற்காமல் திருப்பிக் கேட்கும் ஒரு வாய் எதிரில் வேண்டும் என்பதை என் வகுப்பிலும் தினமும் பார்க்கிறேன். கைப்பேசியைத் தாங்கள் கேட்டுப் பழக வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் தங்கள் குரலே இருக்கட்டும்; ஐயம் வரும் இடங்களைக் குறித்துவைத்து, இரவு அழைப்பில் கணவரிடம் சரிபார்த்துக்கொள்ளலாம்.

மாமியாரின் கவலையைத் தட்டிக்கழிக்காதீர்கள், அதில் பாதி நியாயம். பிரெஞ்சுப் பாட்டு தமிழை விரட்டாது. ஆனால் துலூஸ் பள்ளியில் தமிழைத் தேடிவந்து கொடுக்க ஆளிருக்காது. பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே கல்வி கட்டாயம் என்பதால் தங்கள் மகனும் போனவுடன் மழலையர் பள்ளிக்குப் போய்விடுவான்; பகல் முழுதும் பிரெஞ்சுதான். ஆகவே ஒரு பிரெஞ்சுப் பாட்டுக்கு ஒரு தமிழ்ப் பாட்டு என்று கணக்கு வையுங்கள். தமிழ்ப் பங்கு அப்பத்தாவுடையது. அவருடைய தாலாட்டை அவர் குரலிலேயே இப்போதே பதிவுசெய்துகொள்ளுங்கள். பர்மாவுக்கும் வியட்நாமின் சைகோனுக்கும் கொண்டு விற்கப் போனவர்களின் சீமை இது. சைகோன் அன்று பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர்தான், அங்கே நம்மவர்கள் தெண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்களே அன்றித் தமிழைத் தொலைத்துவிட்டுத் திரும்பவில்லை என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள்.

மகளின் நிலை வேறு. அவளுடைய வயதுப் பிள்ளைகள் அங்கே முந்தைய ஆண்டிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியிருப்பார்கள். பாட்டு மட்டும் அவளுக்குப் போதாது. புதிதாக வந்து சேரும் வேற்றுமொழிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்கும் தனி வகுப்பு பல பள்ளிகளில் உண்டு. சேர்க்கும் பள்ளியில் அது இருக்கிறதா என்று கணவர் இப்போதே விசாரிக்கட்டும். அதற்குள் ‘எனக்குப் புரியவில்லை’, ‘கழிப்பறை எங்கே’, ‘மறுபடி சொல்லுங்கள்’ என்னும் மூன்று வாக்கியங்களாவது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவள் வாயில் வர வேண்டும்.

இணைய வகுப்பைப் பொறுத்தவரை, பணம் கட்டுமுன் ஒரு வகுப்பில் மகனோடு தாங்களும் உட்கார அனுமதி கேளுங்கள். ஆசிரியர் பாடும் நேரத்தையும், மகன் வாய்திறந்து அதை அவர் காது கொடுத்துக் கேட்டுத் திருத்தும் நேரத்தையும் கடிகாரம் வைத்துக் கணக்கெடுங்கள். அரைமணி வகுப்பில் இரண்டாவது கணக்கு ஐந்து நிமிடத்தைத் தொடவில்லை என்றால், ஆறு மாதமாகக் கைப்பேசி இலவசமாகச் செய்துவந்த வேலைக்குக் கட்டணம் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.