வியட்நாமில் முய் நே கடற்கரையிலிருந்து சைகோனுக்கு இரவு ஸ்லீப்பர் பஸ்ஸில் தனியாகப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். ஆனால் பகலில் போங்கள்.

நீங்கள் கேட்ட விதத்திலேயே தெரிகிறது, ராத்திரி பஸ் ஏறினால் ஒரு நாள் ரூம் வாடகை மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நானும் அதே கணக்கைப் போட்டவன்தான். சென்னை–மதுரைக்கு அது சரிவரும். முய் நேவிலிருந்து சைகோன் (ஹோ சி மின் நகரம்தான், அங்கே பலரும் இன்னும் இப்படித்தான் சொல்கிறார்கள், யாரும் அரசியல் பேச வரவேண்டாம்) சுமார் 220 கிலோமீட்டர். 2023 ஏப்ரலில் பக்கத்து ஊரான ஃபான் தியெத் பக்கம் 99 கிலோமீட்டர் விரைவுச்சாலை திறந்த பிறகு நாலைந்து மணி நேரத்தில் போய்விடலாம். போன ஜனவரியில் ராத்திரி 1 மணிக்கு ஏறிய என்னை விடிகாலை 5 மணிக்கு முன்பே சைகோனில் ஃபாம் ங்கு லாவ் தெருவில் இறக்கிவிட்டார்கள். ஓட்டலில் ரூம் பகல் 2 மணிக்குத்தான். வாடகை எங்கே மிச்சமானது?

பஸ் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள். மூன்று வரிசை, மேலும் கீழுமாகப் படுக்கை, நடுவே ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவில் இரண்டு சந்து. ஏறும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் பை கொடுப்பார்கள். நம் காலை முன்னால் படுத்திருப்பவரின் தலைக்குக் கீழே உள்ள பெட்டிக்குள் நுழைத்துக்கொள்ள வேண்டும். ஐந்தரை அடிக்காரருக்குச் சொகுசு. நான் ஐந்தே முக்கால், முழங்காலை மடக்கியே வந்தேன். நடுவில் நிறுத்தும் இடத்தில் ஒரு கூடை நிறைய ரப்பர் செருப்பு வைத்திருப்பார்கள், அகப்பட்டதை மாட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். எனக்கு இரண்டும் இடது கால் செருப்பு.

ராத்திரிப் பயணத்தில் ஒன்றே ஒன்று நன்றாக இருந்தது. ஃபான் தியெத்தைத் தாண்டியதும் இருட்டில் திருவிழா சீரியல் செட் போட்டமாதிரி வயல் வயலாக பல்பு எரிகிறது. டிராகன் பழத் தோட்டங்கள். குளிர்காலத்தில் பகல் குறைவு, செடி பூக்காது. அதனால் ராத்திரியில் விளக்குப் போட்டு இன்னும் பொழுது இருக்கிறது என்று செடியை நம்பவைக்கிறார்கள்.

சரி, என் முதுகுப்பை கதைக்கு வருகிறேன். ஃபான் தியெத், முய் நே பக்கம் நுவோக் மாம் என்கிற மீன்சாறுக்குப் பேர்போனது. நெத்திலியையும் உப்பையும் பெரிய மரத்தொட்டியில் போட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பது. ஊருக்குப் போகிறவர்கள் கேன் கேனாக வாங்கிக்கொண்டு பஸ்ஸின் அடியில் போடுவார்கள். அதில் ஒரு கேன் கசிந்து, என் 50 லிட்டர் முதுகுப்பை அந்தச் சாற்றில் உட்கார்ந்தே சைகோன் வந்து சேர்ந்தது. "வெளிநாடு போய் மூக்கைப் பொத்துகிறான்" என்று கிளம்பிவிடாதீர்கள். நான் கருவாட்டுக் குழம்புக்கு வரிசையில் முதலில் நிற்பவன். இது தட்டில் இருப்பது வேறு, சட்டை ஜட்டியில் இருப்பது வேறு.

அந்தப் பைக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. வாங்கிய மூன்றாம் மாதமே என் மச்சான் சபரிமலைக்கு என்று இரவல் கேட்டார். "இருமுடி தலையில்தானே மச்சான் போகும், பை எதற்கு?" என்றேன். மாற்றுத்துணிக்காம். திரும்பி வந்தபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்கு நெய்க்கறை, ஒரு ஜிப்புக்கு வாய் இல்லை. ஒரு வார்த்தை, "பார்த்துக்கிட்டேன், சரிபண்ணித் தர்றேன்" என்று சொல்லியிருக்கலாம். சாமி காரியம் என்று சொல்லிவிட்டார், அதற்குமேல் என்ன பேசுவது? என் மனைவியும் இந்தத் தளத்தில் இருக்கிறாள், தெரிந்துதான் எழுதுகிறேன்.

அன்று ரூம் கிடைக்கும்வரை எங்கே போவது என்று தெரியாமல், பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் ட்ருவாங் டின் தெருவில் உள்ள மாரியம்மன் கோயிலுக்கு நடந்தேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில் நம் ஆட்கள் கட்டியது. இப்போது வருகிறவர்கள் பெரும்பாலும் வியட்நாமியர்கள். கல் சுவரில் நெற்றியை ஒட்டவைத்து, காதில் ரகசியம் சொல்வதுபோல வேண்டிக்கொள்கிறார்கள். ஒரு கிழவி எவ்வளவு நேரம் அப்படியே நின்றாள் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எனக்கு முதுகில் அந்த நாற்றத்தோடு உள்ளே போக மனசு வரவில்லை, வாசலிலேயே கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் போகும்போது பைக்கு மேல் ஒரு பெரிய குப்பைக் கவரை மாட்டி, முடிச்சுப் போட்டு அடியில் வையுங்கள். பாஸ்போர்ட்டும் பணமும் படுக்கையில் உங்களோடு. வியட்நாம் பணத்தில் 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம், ராத்திரி வெளிச்சத்தில் கரும்புச்சாறுக்குப் பணம் கொடுக்கும்போது பூஜ்ஜியத்தை எண்ணிவிட்டுக் கொடுங்கள். நான் எண்ணினேனா என்று கேட்காதீர்கள்.

பையை நாலு முறை துவைத்தாகிவிட்டது. இந்தக் கார்த்திகைக்கும் மச்சான் கேட்டிருக்கிறார். மொட்டை மாடியில் காய்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.